டப்பாவைத் திறந்தால் சாப்பாடு முடிந்ததா?

சத்துப் பவுடர் பற்றி மாதம் ஒரு கேள்வி வரும், பதில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இந்த முறை கவரைப் பிரிக்கப் பிரிக்க அதுவே வந்துகொண்டிருந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க டப்பாவும் ஷேக்கரும்தான். இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை என்று கேட்டிருந்த மூன்று பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் கட்டாயம்.

கேள்வி: வயது 31, ஐடி வேலை. மூன்று வாரமாக மூன்று வேளையும் சத்துப் பவுடர் கலக்கிய ஷேக் மட்டும்தான். ஒரு கிளாஸில் 210 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து என்று டப்பாவில் போட்டிருக்கிறது. 4 கிலோ குறைந்துவிட்டது. சமையல் இல்லை, பாத்திரம் கழுவுவது இல்லை. இப்படியே வாழ்நாள் முழுக்க ஓட்டலாமா? மலச்சிக்கல் மட்டும் இருக்கிறது, அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல் கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகிறது.
(வாசகர், சோழிங்கநல்லூர்)

உயிரோடு இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களுக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு மட்டுமே மாதக்கணக்கில் போகிறது, சிலருக்கு வருடக்கணக்கில்கூட. க்ரோன்ஸ் என்ற குடல் நோய் வந்த குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறெதுவும் கொடுக்காமல் சத்துத் திரவம் மட்டும் கொடுப்பதே ஒரு சிகிச்சை. அவ்வளவு ஏன், பிறந்து முதல் 6 மாதம் நாம் எல்லோரும் ஒரே திரவத்தில் வளர்ந்தவர்கள்தானே. ஆனால் அந்தத் தாய்ப்பாலே 6 மாதத்துக்கு மேல் தனியாகப் போதாது, முதலில் இரும்புச்சத்து இடிக்கும், அதனால்தான் பருப்புச் சாதத்தை மசித்து ஊட்ட ஆரம்பிக்கிறோம்.

குழாய் உணவுக்கும் உங்கள் ஷேக்கருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே நோயாளியின் எடை, சிறுநீரகம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். நீங்கள் போடவில்லை, நான் போடுகிறேன். 210 மூன்று தடவை என்றால் 630 கலோரி. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்யும் ஆணுக்குக்கூட ஒரு நாளைக்கு 2000 கலோரியை ஒட்டித் தேவைப்படும். 800-க்குக் கீழே இறங்கும் உணவுமுறை எதுவாக இருந்தாலும் டாக்டர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும், அதுவும் சில வாரங்களுக்கு. நார்ச்சத்து உங்களுக்கு 9 கிராம் போகிறது, வேண்டியது 25 முதல் 30. மலச்சிக்கலுக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். இன்னொரு வேலையும் செய்யுங்கள்: டப்பாவின் பின்பக்கம் ஒவ்வொரு விட்டமினுக்கும் தாதுவுக்கும் பக்கத்தில் தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதை மூன்றால் பெருக்கி, 100 தொடாதவற்றுக்குப் பேனாவால் வட்டம் போடுங்கள். எத்தனை வட்டம் விழுகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அந்த 4 கிலோ முழுக்கக் கொழுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் அந்த இருப்பு முதல் சில நாளிலேயே காலியாகும், தண்ணீரும் கூடவே போகும், எடைமெஷின் சந்தோஷப்படுத்தும். நீங்கள் பழையபடி நாலு இட்லி சாப்பிட்ட வாரம் அதில் ஒன்றிரண்டு கிலோ திரும்பி வந்து நிற்கும், அப்போது இட்லியைத் திட்டாதீர்கள்.

முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரியே அதுதான். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன சோதனை செய்தார்கள், 2000-இல் வெளியானது. 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரிக்கு ஜெல்லி மிட்டாய், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரிக்கு சோடா. மிட்டாய் மென்ற நாட்களில் அவர்களே அறியாமல் மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாட்களில் குறைக்கவே இல்லை, எடையும் ஏறியது. குடித்த கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று அதிலிருந்து சொல்கிறார்கள். ஷேக்கில் புரதம் இருப்பதால் சோடா அளவுக்கு மோசமில்லை, இருந்தாலும் ராத்திரி 10 மணிக்கு உங்கள் பற்கள் வேலை கேட்கின்றன. நானும் ஒரு தடவை, நோயாளிகளுக்குச் சொல்வதற்கு முன் நாமே பார்க்கலாமே என்று 11 நாள் திரவ உணவில் இருந்தேன். பசியைவிட மோசம் மெல்லும் ஆசை. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டில் வத்தக்குழம்புக்குத் தாளித்தார்கள், நான் துணி காயப்போட மாடிக்குப் போகும் சாக்கில் அவர்கள் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றேன்.

சரி, வாழ்நாள் முழுக்கவா? வேண்டாம். ஷேக் நல்லதா கெட்டதா என்று டப்பாவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். காலையில் டீயும் இரண்டு பிஸ்கெட்டும்தான் உங்கள் டிபன் என்றால், ஒரு கிளாஸ் ஷேக் அதைவிட எவ்வளவோ மேல். சாம்பார், கீரை, மோர் இருந்த இடத்தில் அதை வைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் காலைக்கு மட்டும் ஒரு கிளாஸ், கூடவே ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும். மற்ற இரண்டு வேளை சாப்பாடு. சமைக்க நேரமில்லை என்று எழுதாதீர்கள், அரிசி, பருப்பு, நறுக்கிய காய், உப்பு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூன்று விசில் விட ஷேக்கரைக் கழுவும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். இந்த வேகத்தில் எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம், வலது பக்க மேல்வயிற்றில் வலி வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காமல் டாக்டரிடம் போங்கள். தலைமுடியும் கொட்டலாம், அது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது இந்த மூன்று வாரம் ஞாபகத்துக்கு வராது, ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: கணவருக்கு 46 வயது, மூன்று வருடமாகச் சுகர், எடை 92 கிலோ. ஷேக் மட்டும் குடித்து லண்டனில் சுகரையே விரட்டிவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு, திங்கள்கிழமையிலிருந்து மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறார். நம்பலாமா?
(வாசகி, மதுரை)

லண்டன் இல்லை, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியும். மற்றபடி வீடியோ சொன்னது கதை இல்லை. டைரக்ட் என்று பெயர் வைத்த ஆய்வு, 2017 டிசம்பரில் வெளியானது, ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் தலைமையில் நடந்தது. சர்க்கரை நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத, எடை கூடிய 306 பேர். அதில் ஒரு பாதிக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி, சூப்பும் ஷேக்கும் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். எனக்கே முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

வீடியோவில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது மிச்சக் கதை. மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள், ஆனால் நிறுத்தியது மருத்துவக் குழு, அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுத்தது. அப்புறம் ஷேக்கை விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கே தனியாகச் சில வாரப் பயிற்சி, கொஞ்சம் கொஞ்சமாக. அதாவது அந்த ஆய்விலேயே ஷேக் ஒரு தற்காலிகப் பாலம்தான், அக்கரையில் தட்டும் சோறும் காத்திருந்தது. இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 சதவீதமாகக் குறைந்தது, எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது.

உங்கள் கணவர் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். அதையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டே திடீரென்று 800 கலோரிக்கு இறங்கினால் லோ சுகர் வந்து மயங்கி விழலாம். தானாக நிறுத்திவிட்டு, கடைசியில் ஷேக்கையும் பாதியில் விட்டுவிட்டால் சர்க்கரை எகிறும். இரண்டும் வேண்டாம். திங்கள்கிழமை அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அந்த ஆய்வின் பெயரைச் சொல்லியே கேட்கட்டும், இது டாக்டர்களுக்குத் தெரிந்த ஆய்வு. டப்பா வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் சர்க்கரையோ, சர்க்கரை மாதிரியே வேகமாக ஏறும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுத்தூளோ இருந்தால், மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் திருப்பி அலமாரியில் வைத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு அக்கா காலையில் கிளப் மாதிரி நடத்துகிறார்கள். ஒரு டீத்தண்ணி, ஒரு ஷேக், எடை பார்ப்பார்கள், கைதட்டுவார்கள். காலையும் ராத்திரியும் ஷேக், மதியம் மட்டும் சாப்பாடு. எல்லாம் இயற்கை, சைடு எஃபெக்டே கிடையாது, தைராய்டு, சுகர், முட்டிவலி எல்லாம் சரியாகும் என்கிறார். என்னையும் சேர்ந்து ஆள் சேர்க்கச் சொல்கிறார். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.
(வாசகி, ஈரோடு மாவட்டம்)

உங்கள் தெருவில் மட்டுமில்லை, இப்போது ஊர் ஊருக்கு இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் நல்லதும் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு நாலு பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, நடந்து, எடை பார்த்து, ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள், அதற்கே பாதி பலன் இருக்கும். இரண்டு வேளையை ஷேக்காக மாற்றினால் எடை குறையும் என்பதும் பொய் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கலோரி குறைந்த உணவுமுறையில் இரண்டு வேளைக்குப் பதிலாகக் குடித்தால் எடை குறைய உதவும், ஒரு வேளைக்குப் பதிலாகக் குடித்தால் குறைந்த எடையைக் காக்க உதவும் என்று டப்பாவில் எழுதச் சட்டமே அனுமதிக்கிறது. மூன்று வேளைக்குமான தூள் அங்கே வேறு வகை, அதற்கு வேறு விதி.

ஆனால் தைராய்டும் சுகரும் முட்டிவலியும் சரியாகும் என்று சொன்ன இடத்தில் அக்கா எல்லை தாண்டிவிட்டார். நோய் தீரும் என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக நம் நாட்டில் 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருக்கின்றன. ஆள் சேர்த்தால்தான் காசு என்கிற பிரமிடு மாதிரி ஏற்பாட்டை 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதைக் குடிக்காமல் டப்பாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, ஒரு வேளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். டப்பாவைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

இயற்கை என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் திரவப் புரதம் மட்டும் குடித்து இளைப்பது பெரிய மோகமாக இருந்தது. அந்தத் திரவம் மாட்டுத்தோல், எலும்பு மாதிரி கழிவிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம், அதுவும் இயற்கைதானே. புரதத்தின் தரம் மட்டம், தாதுக்கள் போதவில்லை, இதயத் துடிப்பு தாறுமாறாகி 60 பேர் அளவுக்கு இறந்த பிறகுதான் அந்த மோகம் அடங்கியது. இன்றைக்கு வரும் பவுடர்கள் அவ்வளவு மோசமில்லை, அந்தப் பாடத்தால்தான் மோசமில்லை.

சங்கடம் வேண்டாம். "அக்கா, நடக்க மட்டும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: காலையில் தைராய்டு மாத்திரை போட்டதும் அதோடு சேர்த்து ஷேக் குடித்துவிடுகிறேன். ஆறு மாதமாக தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் அளவு இறங்கவே இல்லை, டோஸ் கூட்டச் சொல்கிறார்கள்.
(வாசகி, கும்பகோணம்)

டோஸைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் இந்த ஷேக்கைப் பற்றிச் சொன்னீர்களா? கால்சியம், இரும்பு, சோயா மூன்றுமே அந்த மாத்திரை உடம்பில் சேருவதைக் கெடுக்கும், பெரும்பாலான டப்பாக்களில் இவற்றில் இரண்டு பொருளாவது இருக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து இட்லியோ தோசையோ. ஷேக் கட்டாயம் வேண்டுமென்றால் நாலு மணி நேர இடைவெளி விட்டு 11 மணிக்கு. இதே சாக்கில் இன்னொருவருக்கும் சொல்லிவிடுகிறேன்: இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஆசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் இந்தப் பவுடர்களைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது, அதில் இருக்கும் விட்டமின் கே மாத்திரையின் வேலையை மாற்றிவிடும்.

கேள்வி: பையன் பிளஸ் டூ, 60 கிலோ, ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் புரோட்டீன் பவுடர்.
(வாசகர், திருநெல்வேலி)

அது சாப்பாட்டுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட பவுடரே இல்லை. புரதத்தை மட்டும் பிரித்தெடுத்த தூள், பெரும்பாலும் மாவும் கொழுப்பும் விட்டமினும் பெயருக்குத்தான். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கில் ஒரு நாளைக்குப் புரதம் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது அவனுக்கு 50 கிராம் சுமார், ஜிம் போவதால் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டையில் 12, இரண்டு டம்ளர் பாலில் 12, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலில் 10-க்கு மேல், மிச்சத்தை இட்லி, சோறு, பருப்பு, மீன் பார்த்துக்கொள்ளும். 2024-இல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஜிம் மாஸ்டரிடம் காட்டலாம், கேட்பாரா என்பது வேறு.

கேள்வி: அம்மாவுக்கு 78. பல்செட் சேரவில்லை, ஆறு மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டார். டாக்டர் சத்துப் பவுடர் எழுதினார். நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போவதால் மூன்று வேளையும் அதையே கலக்கி வைத்துவிட்டுப் போகிறோம். நிறையவே விலை, ஆனாலும் பரவாயில்லை. ஆனால் இன்னும் மெலிகிறார்.
(வாசகி, கோவை)

டாக்டர் எழுதியது சாப்பாட்டுக்கு மேல், நீங்கள் கொடுப்பது சாப்பாட்டுக்குப் பதில். வயதானவர்களுக்கு இந்தப் பவுடர்கள் உண்மையிலேயே உதவும், இரண்டு வேளைக்கு நடுவே 11 மணிக்கும் சாயங்காலமும் கொடுத்தால். தனியாக வைத்துவிட்டுப் போனால் அவர் முழு டம்ளரையும் குடிக்கிறாரா, பாதியைச் செடிக்கு ஊற்றுகிறாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? என் பாட்டி துளசி மாடத்துக்கு ஊற்றினார், அந்த வருடம் துளசி மட்டும் நன்றாக இருந்தது.

முதலில் பல் டாக்டர். பல்செட்டைச் சரி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை குழைந்த சாதத்தில் பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும், சாம்பாரில் ஊறிய இட்லி, பால் விட்டு மென்மையாக வதக்கிய முட்டை, மசித்த கீரை, தயிரில் பிசைந்த வாழைப்பழம், இவை எதற்கும் பல் வேண்டாம். ஒரு வேளையாவது யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், ராத்திரி என்றால் மூன்று பேருமே வீட்டில் இருப்பீர்கள். ஆறு மாதத்தில் 5 கிலோ தானாகக் குறைவது சாதாரணமில்லை, பல் மட்டும்தான் காரணமா என்று டாக்டரிடம் இன்னொரு தடவை அழுத்திக் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதில் கோளாறு இருந்தால் பவுடரே வேறு.

கேள்வி: கம்பெனி பவுடர் எதற்கு, நம் சத்துமாவுக் கஞ்சியே முழு உணவு, அதை மூன்று வேளையும் குடித்தால் போதும் என்று ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
(வாசகர், தஞ்சாவூர்)

உண்மை இல்லை என்பதால். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு முளைகட்டிக் காயவைத்து, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்த மாவு அருமையான பொருள், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முளைகட்டுவதால் இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும். ஆனால் அதில் பி12 இல்லை, விட்டமின் சி இல்லை, ஒரு டம்ளருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் மாவு போட்டால் புரதமும் 4, 5 கிராமைத் தாண்டாது. நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சியதைக் குடித்தால் சுகர்காரர்களுக்கு அடையைவிட வேகமாக ஏறும், வெல்லம் போட்டால் கேட்கவே வேண்டாம். நம்ம ஊர் டம்ளர் என்பதற்காக விதிவிலக்கு தர முடியாது. காலையில் ஒரு வேளை, பாலோ மோரோ சேர்த்து, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையலோடு என்றால் நானே குடிப்பேன்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் வாங்கிப் போகிறோமே, அதுவாவது சாப்பாட்டுக்குச் சமமா?
(வாசகி, விருதுநகர்)

மால்ட்டும் சர்க்கரையும் கலந்த பானம் அது, சாப்பாட்டுக்குச் சமமில்லை, அதில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு நீங்கள் ஊற்றும் பாலுடையது. இப்படிப்பட்டவற்றை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் விற்க வேண்டாம், அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லை என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே சொல்லிவிட்டது. போன மாதம் என் தோழிக்கு ஆபரேஷன், கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் ஏழு பாட்டில் நின்றது, அவளுக்கோ சுகர். வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிட்டு ஒரு சின்னத் தூக்கில் ரசம் சாதம் கொண்டுபோனேன், அவள் மூடியைத் திறந்து முதலில் மோந்துதான் பார்த்தாள்.